கடலுக்குப் போவது காவல் தண்ணீர்

காவிரியில் வெள்ளம் வரும்போதெல்லாம் கூடவே ஒரு வாக்கியமும் வரும். மேட்டூர் அணை 120 அடியைத் தொடும். உபரிநீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புவார்கள். இரண்டொரு நாளில் அந்த வாக்கியம் செய்தித்தாளில் அச்சாகியிருக்கும்: இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. ஆளுங்கட்சி மாறினாலும் எதிர்க்கட்சி மாறினாலும் வாக்கியம் மாறாது. எதிர்க்கட்சித் தலைவரின் அறிக்கையில் அது குற்றச்சாட்டு, அமைச்சரின் பேட்டியில் வருத்தம், விவசாய சங்கத்தின் மனுவில் கோரிக்கை, பட்டிமன்ற மேடையில் கைதட்டல். 'கலந்தது' என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. 'வீணாக' என்ற அடைமொழி இல்லாமல் நம் ஊரில் எந்த ஆறும் கடலுக்குப் போனதில்லை.

அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு. கடைமடை வயல் காய்வதைப் பற்றியோ, தூர்வாராத வாய்க்காலைப் பற்றியோ, மராமத்துப் பார்க்காத ஏரியைப் பற்றியோ யார் எவ்வளவு கோபப்பட்டாலும் அந்தக் கோபத்தில் நானும் பங்காளி. ஆனால் கடலுக்குப் போன தண்ணீரெல்லாம் வீண், ஒரு சொட்டும் போகாமல் தடுப்பதே நீர் மேலாண்மை என்று சொல்லும்போது, நாம் நம் கிணற்றுக்கே குழி பறிக்கிறோம். கடற்கரை ஊர்க் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறதென்றால், அந்த ஊரின் மண்ணுக்கடியில் நன்னீர் இடைவிடாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது நின்றுபோனால் கடல் வரும். அலையடித்துக்கொண்டு வராது. மண்ணுக்குள்ளே, சத்தமில்லாமல், வருடத்துக்குக் கொஞ்சமாக வரும்.

சீர்காழிக்குக் கிழக்கே, கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம், ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அடிபம்பு. அதன் வாயிலிருந்து சிமென்ட் மேடைவரை துருவும் வெள்ளைப் பூச்சும் படிந்து, சுண்ணாம்பு வழிந்ததுபோல் ஒரு தடம். அடுப்படியில் இருபது லிட்டர் கேன்கள் இரண்டு. அந்த வீட்டுப் பெரியம்மா அடிபம்புத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. நாக்கில் பட்டதும் அடித்தொண்டைவரை கரித்தது.

"பாத்திரம் வெளக்கலாம் தம்பி, அவ்வளவுதான். இதுல பருப்பு வேகாது. டீ போட்டா பால் திரிஞ்சுடும். சோப்புப் போட்டா நுரையே வராது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தண்ணியத்தான் குடிச்சோம். இப்ப கடல் உள்ள வந்துடுச்சு."

நான் திரும்பிக் கடல் இருக்கும் திசையைப் பார்த்தேன். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் 'கடல் உள்ளே வந்துவிட்டது' என்பதும் 'தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்பதும் ஒரே ஊரின் இரண்டு புலம்பல்கள். இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சடிக்கும் பத்திரிகைகள், முதலாவதற்கு இரண்டாவதே மருந்தாக இருக்கக்கூடும் என்று ஒருமுறைகூட யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெரியம்மாவே அதற்கான விளக்கத்தையும் வைத்திருந்தார். அவர் பிறந்தது இன்னும் கடலை ஒட்டிய மீனவர் குப்பம். அங்கே கிணறு கிடையாது. அலை வந்து போகும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுப்பார்களாம். முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் கசியும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். "அவசரப்பட்டு மொண்டா உப்பு ஏறிடும். ஒரு குடம் ரொப்பிட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம். ஊறுனப்பறம் அடுத்த குடம்."

அந்தப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் ஒரு முழு விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்தின் பேடன் கைபன் என்ற ராணுவப் பொறியாளரும், அவரை அறியாமலேயே 1901இல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும் அதைக் கணக்காக எழுதிவைத்தார்கள். கடல்நீர் நன்னீரைவிடக் கனம். நன்னீரின் எடை 1,000 என்றால் கடல்நீரின் எடை 1,025. ஆகவே கடலோர மண்ணுக்கடியில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தராசுத் தட்டுகளைப்போல் நிறுத்தி வைத்திருக்கும். கணக்குப் போட்டால் விடை இதுதான்: கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர்வரை நன்னீர் இருக்கும்.

இதைக் கேட்டதும் மகிழ்ச்சியாக இருக்கும். ஒன்று வைத்தால் நாற்பது கிடைக்கிறது! எந்த வங்கியிலும் கிடைக்காத வட்டி. ஆனால் அதே கணக்கு திரும்பியும் ஓடும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், உப்புநீர் கீழேயிருந்து 40 மீட்டர் ஏறிவரும். உடனே வராது. தராசு புதிய நிலைக்கு வர வருடங்கள் பிடிக்கும். அதனால்தான் போர் போட்ட முதல் சில வருடங்கள் தண்ணீர் தேனாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் போடுவார். ஒருநாள் டீ திரியும்.

திரிவதற்கு நிறைய உப்பும் வேண்டியதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீரில் 250 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லாவிட்டால் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீர் சேர்ந்தால் போதும், பொறுமையின் கடைசி எல்லை வந்துவிடும். மீதித் தொண்ணூற்றைந்து குடம் நன்னீரும் அதோடு கெட்டது. 'வீண்' என்ற சொல்லை உண்மையிலேயே பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான்.

இப்போது 'வீண்' வாதத்தின் கணக்கேட்டைப் பார்ப்போம். மழையாலும் ஆற்றாலும் மண்ணுக்குள் இறங்கும் நீர் வருடத்துக்கு நூறு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறையும் நாம் இறைத்துக்கொண்டால் என்ன தப்பு? வரவு நூறு, செலவு நூறு, கடன் இல்லை. உள்நாட்டில் ஒரு பாறைக் கிணற்றுக்கு இந்தக் கணக்கு ஓரளவு செல்லும். கடற்கரையில் செல்லாது. நூறையும் எடுத்துக்கொண்டால் கடலை நோக்கிப் போகும் ஓட்டம் பூஜ்யம். ஓட்டம் பூஜ்யமானால் எதிரே தள்ளிக்கொண்டு நிற்கும் உப்புநீரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. நூறில் ஒரு பகுதி கடலுக்குப் போயே ஆக வேண்டும். அதை மிச்சம் என்று நினைப்பது தவறு. அது காவல் கூலி. ஊர்க்காவலுக்குக் கொடுத்த கூலியை 'வீண் செலவு' என்று நிறுத்திவிட்டு, திருட்டுப் போனதும் திருடனைத் திட்டுகிறோம்.

திருட்டு எப்படிப் போகும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் சென்னைக்கு வடக்கே மீஞ்சூருக்குப் போகலாம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வண்டல் நிரப்பிய பூமி அது. அடியில் அருமையான நீர்த்தாங்கி. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் இறக்கினார்கள். நகரத்தின் தாகத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளின் தாகத்துக்கும் அங்கிருந்து தண்ணீர் போனது. விவசாயிகளின் பம்புசெட்டுகளும் சேர்ந்து இறைத்தன. 1960களின் இறுதியில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்பின் எல்லை, 1980களில் சுமார் 9 கிலோமீட்டருக்கு உள்ளே வந்துவிட்டது. நெல் விளைந்த நிலத்தில் கிணறு கரித்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கென 1987இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்ததற்கு மீஞ்சூரின் இந்த அனுபவம் முக்கியக் காரணம்.

இத்தனைக்கும் மீஞ்சூரில் கடல் ஓர் அடிகூட முன்னேறவில்லை. மண்ணுக்குள் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த நன்னீரை நாம் வழியிலேயே மடக்கிக்கொண்டோம். ஓட்டம் திசை மாறியது. கடல்நீரை நம் மோட்டார்களே வரவேற்று அழைத்து வந்தன.

கதையின் அடுத்த அத்தியாயம் இன்னும் கசப்பு. 2010இல் அதே வட்டாரத்தில், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. முதலில் இலவசமாகக் கிடைத்த நன்னீரில் உப்பைச் சேர்த்தோம். பிறகு மின்சாரமும் பணமும் கொட்டி உப்பைப் பிரிக்கிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கும்போது நிலத்தடி நீரைப் பற்றி ஏன் கவலை என்று கேட்பவர்கள், சமையலறையில் தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டு ஃபிரிட்ஜ் வாங்கிய பெருமையைப் பேசுகிறார்கள். ஆலை நகரத்துக்குக் குழாயில் கொடுக்கும். பக்கத்துக் காட்டூர் விவசாயியின் நாற்றங்காலுக்குக் கொடுக்குமா?

இப்போது காவிரிக்குத் திரும்புவோம். நம் மொழியில் மட்டுமல்ல, சட்டத்தின் மொழியிலும் கடலுக்குப் போகும் தண்ணீர் ஒரு குற்றவாளிதான். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் தந்த இறுதித் தீர்ப்பு, ஆற்றின் 740 டிஎம்சியைப் பங்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10. கடைசியில் ஒரு 4 டிஎம்சி. அது எதற்கு என்றால், தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிவிடும் நீராம். சிறையிலிருந்து தப்பிய கைதியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. சுற்றுச்சூழலின் பத்தையும் தப்பியோடும் நாலையும் கூட்டினாலும் 14. மொத்த ஆற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஒரு பெருநதி தன் கழிமுகத்துக்குக் கொடுக்க வேண்டிய காவல் கூலிக்கு நாம் வைத்திருக்கும் விலை அவ்வளவுதான்.

அதன்பின் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டிஎம்சி எதன்பேரில் குறைந்தது? டெல்டாவின் நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதன்பேரில். தமிழ்நாட்டில் இதை எதிர்த்துப் பேசியவர்கள் உரிமை பறிபோனது என்று பேசினார்கள். அது சரியே. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். டெல்டாவின் நிலத்தடி நீர் ஆற்றிலிருந்து தனியாக எங்கோ இருக்கும் பெட்டகம் இல்லை. ஆறு ஓடினால்தான் அது ஊறும், ஊறினால்தான் கடல் ஒதுங்கும். ஆற்றைக் குறைத்துவிட்டு நிலத்தடியிலிருந்து எடுத்துக்கொள் என்பது, வரவைக் குறைத்துவிட்டுச் சேமிப்பை எடுத்துச் சாப்பிடு என்பது. அந்தச் சேமிப்பின் அடியில் உப்பு காத்திருக்கிறது. இந்த வாதத்தை நாம் உரக்க வைக்கவில்லை. எப்படி வைப்போம்? கடலை நோக்கிப் போகும் நீரெல்லாம் வீண் என்று ஐம்பது வருடம் நாமே மேடைபோட்டுச் சொல்லியிருக்கிறோம். எதிர்த்தரப்பின் வாதத்தை நாமே எழுதிக் கொடுத்த கதை.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

முதல் வாதம்: கொள்ளிடத்தில் பத்து நாள் பாயும் வெள்ளம் நிலத்தடி நீரைக் காப்பாற்றுகிறதா? 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி திறந்தார்கள். முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் மதகுகளே அடித்துக்கொண்டு போயின. அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கவா நேரம் எடுத்துக்கொண்டது? உண்மைதான். வெள்ளத்தின் பெரும்பகுதி மேலோட்டமாகவே ஓடிவிடும். காவல் வேலையைச் செய்வது நிதானமான, நீண்டகால ஓட்டம். அந்த வெள்ளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து ஏரி குளங்களில் நிறுத்தினால், அது மெல்ல மண்ணில் இறங்கி, அந்த நிதான ஓட்டமாகவே மாறும். அதனால் நீரைச் சேமிக்காதே என்று நான் சொல்லவில்லை. சேமிப்பதற்கும் வீண் வாதத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சேமிப்பவர் வெள்ளத்தை வாங்கிக் கோடைக்குக் கொடுக்கிறார். கோடையில் ஆறு கடைமடைவரை, கழிமுகம்வரை, நூலாகவேனும் ஓட விடுகிறார். வீண் வாதம் செய்பவருக்கு இலக்கு பூஜ்யம். கோடையிலும் பூஜ்யம், வெள்ளத்திலும் பூஜ்யம். தவிர, எவ்வளவைப் பிடிக்க முடியும்? விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஒருநாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி. பதினோரு நாள் ஓடினால் ஒரு முழு மேட்டூர், அதாவது 93.47 டிஎம்சி. தாம்பாளம்போல் தட்டையாகக் கிடக்கும் டெல்டாவில் இன்னொரு மேட்டூரை எங்கே கட்டுவீர்கள்?

இரண்டாவது வாதம்: கதவணை. ஆற்றின் குறுக்கே தடுத்து நிறுத்தினால் மேற்கே நன்னீர் தேங்கும், ஆற்றின் வழியே ஏறிவரும் கடல்நீரும் நிற்கும். கொள்ளிடத்தில் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணைக்கு ஆதரவாகச் சொன்னதும் இதைத்தான். கதவணைக்கு மேற்கே இது பலன் தரும், மறுக்கவில்லை. தேங்கிய நீர் பக்கத்துக் கிணறுகளை உயர்த்தும். ஆனால் கதவணைக்குக் கிழக்கேயும் ஊர்கள் இருக்கின்றன. பழையாறு அங்கேதான் இருக்கிறது. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. நன்னீரும் கடல்நீரும் கலந்தால்தான் அந்தக் காட்டுக்கு வாழ்வு. கோட்டைச் சுவரை ஊருக்கு நடுவில் எழுப்பிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு என்கிறோம். வெளியே விடப்பட்டவர்கள் யார் என்று எந்த அறிக்கையிலும் ஒரு வரி இருக்காது. கதவணைக்குக் கதவு வைத்திருப்பது திறப்பதற்கும்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நவீனமானது: புவி வெப்பமாகிறது, கடல் மட்டம் உயர்கிறது, அதுதான் உப்புக்குக் காரணம், ஆற்றையும் மோட்டாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கடல் மட்டம் உயர்கிறது என்பது உண்மை. உலக சராசரியில் வருடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர். பத்து வருடத்தில் விரலளவு. தாழ்ந்த டெல்டாவுக்கு அதுவும் ஆபத்துதான், எதிர்காலத்தில் இன்னும் பெரிய ஆபத்து. ஆனால் ஒரு தெருவில் ஓடும் பத்து சப்மெர்சிபிள் மோட்டார்கள் அதே பத்து வருடத்தில் நீர்மட்டத்தை மீட்டர் கணக்கில் இறக்கிவிடும். மில்லிமீட்டரைக் காட்டி மீட்டரை மறைக்கக் கூடாது. பருவநிலை மாற்றம் உண்மையான வில்லனாக இருக்கலாம். ஆனால் நம் ஊர்க் குற்றங்களுக்கெல்லாம் அதன் பெயரில் முதல் தகவல் அறிக்கை எழுதுவது வசதியாகிவிட்டது.

நான்காவது வாதம்: டெல்டாவின் ஆழத்தில் உள்ள உப்பெல்லாம் இன்று வந்ததா? இல்லை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே இருந்த காலத்தில் வண்டலில் சிக்கிய உப்பும் அதில் உண்டு. எல்லா உவர்ப்பையும் நேற்றுப் போட்ட போர்வெல்லின் தலையில் கட்ட முடியாது. ஆனால் இந்த உண்மை யாருக்குச் சாதகம்? அடியில் ஏற்கெனவே உப்பு கிடக்கிறதென்றால், மேலே மிதக்கும் நன்னீர் இன்னும் மெல்லிய ஆடைதான். பாலாடையைக் கரண்டியால் எடுப்பவர்போல் அதைக் கையாள வேண்டும். நாம் மத்தால் கடைந்தோம்.

கடைந்தவர்கள் வரிசையில் இறால் பண்ணைகளையும் சொல்லாமல் விட முடியாது. 1990களில் நாகப்பட்டினம் கடலோரத்தில் நெல் வயல்களுக்கு நடுவே கடல்நீரை ஏற்றிக் குளம் கட்டினார்கள். கீழே ஆறு ஊற வேண்டிய மண்ணில் மேலேயிருந்து உப்பை ஊறவிட்டார்கள். காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தலைமையேற்று நடத்திய போராட்டம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. குடிநீர்க் கிணறுகள் உப்பானதும் அந்த வழக்கில் ஒரு முறையீடு. அதன்பின் ஒன்பது ஆண்டுகளில், 2005இல், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைகள் ஒழியவில்லை, பதிவு பெற்றுத் தொடர்ந்தன. ஆற்று மணல் கதையும் இதேதான். மணல் அள்ளி ஆற்றின் படுகை தாழத் தாழ, கடல் ஓதம் ஆற்றின் வழியே மேலும் உள்ளே ஏறுகிறது. மணல்தான் வெள்ளத்தை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் பஞ்சு. பஞ்சை லாரியில் ஏற்றிவிட்டு, தண்ணீர் நிற்காமல் கடலுக்கு ஓடுகிறதே என்று அழுகிறோம். வீண் வாதம் இவர்கள் எல்லாருக்கும் நல்ல குடை. தண்ணீர் கடலுக்குப் போவதுதான் குற்றம் என்றால், மணல் அள்ளியவரும் அளவில்லாமல் இறைத்தவரும் நிரபராதிகள்.

இந்த வாதம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். சிந்து நதியின் கழிமுகம் இருக்கிறது. பாகிஸ்தானில் கோட்ரி கதவணை 1955இல் முடிந்தது. மேலே அணைகளும் கால்வாய்களும் பெருகப் பெருக, கோட்ரிக்குக் கீழே பல மாதங்கள் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. தட்டா, பதின் மாவட்டங்களில் கடல் நிலத்தை விழுங்கியது, கிணறுகள் கரித்தன, நெல் விளைந்த கிராமங்கள் காலியாகி மக்கள் கராச்சி பக்கம் போனார்கள். 1991இல் மாகாணங்கள் சிந்து நீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டபோது, கோட்ரிக்குக் கீழே கடலுக்கு ஓரளவு நீர் போயாக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒரு கோடி ஏக்கர் அடி வேண்டும் என்பது சிந்து மாகாணத்தின் நிலை. நம் கணக்கில் சுமார் 435 டிஎம்சி. இன்றைக்கும் மேலே புதிய அணை கேட்பவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது! எல்லை, மொழி, மதம் எல்லாம் தாண்டி அந்த வாக்கியம் பயணப்பட்டிருக்கிறது. எங்கே போனாலும் மேல்மடைக்காரன் வாயில்தான் அது உட்காருகிறது. கழிமுகத்தில் வாழ்பவன் அதைச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

காவிரியில் தமிழ்நாடு யார்? கர்நாடகத்துக்குக் கீழ்மடை. நமக்கு மேலே இருப்பவர்கள் 'தமிழ்நாட்டுக்கு விட்டால் கடலுக்குத்தானே போகிறது, எங்களுக்கு அணை கட்ட அனுமதி கொடுங்கள்' என்று கேட்கும்போது நமக்குக் கொதிக்கிறது. அந்த வாதத்தின் வேர் எது என்று நாம் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைமடை உரிமையைப் பேசும் ஒரு மாநிலம், தன் எல்லைக்குள் கழிமுகத்தை மட்டும் குப்பைத்தொட்டியாகப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? கடைமடைக்கும் கடைமடை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பழையாறு, வேதாரண்யம், பழவேற்காடு.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அரிய யோசனைகள் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆற்றின் பங்கீட்டில் கழிமுகத்துக்கு என ஒரு பங்கை, தப்பியோடும் நீர் என்ற பெயரில் அல்லாமல், உரிமைப் பங்காக எழுத வேண்டும். கதவணை கட்டினால் கோடையில் கீழே எவ்வளவு விடுவார்கள் என்பதையும் திட்டத்திலேயே எழுத வேண்டும். கடலோரத்தில் ஆழத்தில் ஒரே இடத்தில் உறிஞ்சும் பெரிய போர்களுக்குப் பதில், ஆழம் குறைந்த கிணறுகளில் பரவலாக, அளவாக எடுக்கும் பழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அதைத்தான் சிரட்டை சொன்னது. தமிழ்நாடு 2003இல் மாநிலம் முழுமைக்கும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. பத்து வருடம் கழித்து 2013இல் அதை ரத்தும் செய்தது. அந்த இடம் சும்மா கிடக்கக் கூடாது. பத்திரிகை நண்பர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள்: அடுத்த வெள்ளத்தின்போது 'கடலில் கலந்தது' என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள். அந்த அடைமொழியைச் சேர்ப்பதற்கு முன் கழிமுகத்து அடிபம்பு ஒன்றில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பாருங்கள்.

அன்று பழையாறு பக்கத்திலிருந்து கிளம்பும்போது அந்தப் பெரியம்மாவிடம் கேட்டேன்: பெரிய வெள்ளம் வந்த வருடம் எப்படி இருந்தது?

"அய்யோ, அத ஏன் கேக்குற. தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துல கெடந்தோம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா தம்பி, தண்ணி வடிஞ்சப்பறம் ரெண்டு மூணு மாசம் பம்புல உப்பு கொறஞ்சிருந்துச்சு. அதுலதான் சோறாக்குனேன். கேனு வாங்கல."

அந்த வருடத்துச் செய்தித்தாள்களை எடுத்துப் பார்த்தால், அவர் சோறாக்கிய தண்ணீரும் டிஎம்சி கணக்கில் இருக்கும். வீணானதில் சேர்த்திருப்பார்கள்.